ஸ்டெடியாக நிற்பவரின் ஈரல்

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் ஒருவருக்குக் குடியை விட வேண்டும் என்று தோன்றிவிட்டால் நேராக நகராட்சியிடம் போகலாம். மருத்துவரின் சீட்டு வேண்டாம், கட்டணம் கிடையாது. பெயரைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் சொல்லாமலேயே சிகிச்சை பெறலாம். கேட்ட நாளிலிருந்து 14 நாள்களுக்குள் சிகிச்சை தொடங்கியாக வேண்டும் என்று அந்நாட்டின் சுகாதாரச் சட்டம் ஒவ்வொரு நகராட்சிக்கும் கெடு வைத்திருக்கிறது.

யூட்லாந்து தீபகற்பத்தில், டென்மார்க்கின் மிக நீளமான ஆறு கடற்கழியைச் சேரும் இடத்தில் இருக்கிறது ரண்டர்ஸ். கையுறைத் தயாரிப்புக்குப் பெயர் போன பழைய வணிக ஊர். நார்டிக் மக்களின் இடி தெய்வமான தோரின் பெயரில் ஒரு பீர் ஆலையும் அங்கே நெடுங்காலம் ஓடி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டது. ஆலை மூடியதால் குடி குறைந்துவிடவில்லை. ஐரோப்பாவில் பள்ளி வயதுப் பிள்ளைகள் அதிகமாகக் குடிக்கும் நாடுகளில் டென்மார்க் முன்வரிசையில் நிற்கிறது. அங்கே 16 வயதிலேயே கடையில் பீர் வாங்கலாம். 16, 17 வயதினர் 6 சதவீதத்துக்கு மேல் சாராயச் சத்துள்ள எதையும் வாங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு 2025 ஏப்ரலில்தான் வந்தது. அதற்கு முன் அந்த வரம்பு 16.5 சதவீதம்.

இப்படிப்பட்ட நாட்டின் சுகாதாரத் துறை 2022இல் தன் மக்களுக்கு ஒரு கணக்குச் சொன்னது. ஒரு சிறிய பாட்டில் பீரில் இருக்கும் சுத்தச் சாராயம் 12 கிராம். அதுதான் ஓர் அளவு. வயது வந்தவர் வாரத்துக்கு 10 அளவுகளைத் தாண்ட வேண்டாம், ஒரே நாளில் 4 அளவுகளைத் தாண்ட வேண்டாம். இந்தக் கணக்கை நம்மூர் குவார்ட்டருக்கு மாற்றிப் பார்த்தால் கொஞ்சம் திடுக்கிடும். 180 மில்லி லிட்டர், 42.8 சதவீதம். அதில் இருக்கும் சுத்தச் சாராயம் ஏறத்தாழ 61 கிராம், அதாவது டென்மார்க்கின் 5 அளவுகள். இரண்டு குவார்ட்டர் உள்ளே போனால் ஒரு வாரத்துக்கான வரம்பு முடிந்தது. அதை ஒரே மாலையில் முடித்துவிட்டு, வண்டியில் சாவியைத் தடுமாறாமல் போடுகிறவரைப் பற்றி அவருடைய கூட்டாளிகள் பெருமையாகச் சொல்வது: "எவ்வளவு போட்டாலும் ஆள் ஸ்டெடி."

ஸ்டெடியாக நிற்பது உடம்பின் வலிமை என்றே பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். கல்லீரல் செல்லைத் திறந்து பார்த்த ஆய்வாளர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். சாராயத்தைத் தாங்குவதற்காக அந்தச் செல் தன் உள்கட்டமைப்பை மாற்றிக்கொண்டிருக்கிறது, அந்த மாற்றத்துக்கு ஒரு விலையும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. விலை வசூலாகும் இடம், மைட்டோகாண்ட்ரியா எனப்படும் இழைமணிகளின் சவ்வு.

ஒரு கல்லீரல் செல்லில் ஆயிரம் முதல் இரண்டாயிரம் மைட்டோகாண்ட்ரியாக்கள் வரை இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வு சாதாரணமானது. உள்சவ்வுதான் அதிசயம்: மடிப்பு மடிப்பாக உள்ளே நீண்டு, மடிப்புகள் முழுக்கப் புரத இயந்திரங்கள் பதிந்திருக்கும். நாம் சாப்பிடும் சோறும் எண்ணெயும் கடைசியில் எலக்ட்ரான்களாக இந்த இயந்திரங்களின் வழியே போய் ஆக்ஸிஜனைச் சேர்கின்றன. போகிற வழியில் புரோட்டான்களைச் சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளிவிடுகின்றன. தள்ளப்பட்டவை திரும்பி வர ஒரே வாசல். அந்த வாசலில் சுழலும் நொதிதான் உடம்பின் செலாவணியான ஏ.டி.பி. மூலக்கூறைச் செய்கிறது.

புரோட்டான்கள் ஒரு பக்கம் சேர்வதால் உள்சவ்வின் இரு புறமும் சுமார் 150 மில்லி வோல்ட் மின்னழுத்த வேறுபாடு நிற்கிறது. பார்க்க அற்பம். ஆனால் சவ்வின் தடிமன் ஒரு மீட்டரில் 20 கோடியில் ஒரு பங்குதான். அந்தத் தடிமனால் வகுத்தால் மீட்டருக்கு 3 கோடி வோல்ட் என்று வரும். காற்றைப் பிளந்து மின்பொறி பாயத் தேவையான மின்புலத்தைப் போலப் பத்து மடங்கு. இடி தெய்வத்தின் பெயரில் பீர் காய்ச்சிய ஊர்க்காரர்களுக்கு இந்தத் தகவல் பிடித்திருக்கலாம். இவ்வளவு பெரிய அழுத்தத்தைத் தாங்கி நிற்பது இரண்டே மூலக்கூறு தடிமனுள்ள கொழுப்புப் படலம். அது ஒழுகக் கூடாது. அதே சமயம் இறுகியும் விடக் கூடாது, ஏனென்றால் அதற்குள் பதிந்த புரதங்கள் அசைய வேண்டும், சுழல வேண்டும், ஒன்றோடொன்று சேர வேண்டும்.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துவிடுகிறது, பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருக்கிறது. தேங்காய் எண்ணெயின் கொழுப்புச் சங்கிலிகள் நேரானவை, நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். நல்லெண்ணெயின் சங்கிலிகள் பலவும் வளைந்தவை, அடுக்குக்கு அடங்காது. சவ்வின் இளக்கமும் இதே கணக்கில்தான் அமைகிறது. எந்தக் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது, இடையில் கொலஸ்ட்ரால் எவ்வளவு நுழைந்திருக்கிறது என்பதைப் பொறுத்துச் சவ்வு இளகும் அல்லது இறுகும்.

இங்கேதான் சாராயம் கைவைக்கிறது.

குடித்த சாராயத்தில் சுமார் 90 சதவீதத்தைக் கையாள்வது கல்லீரல். முதல் நொதி அதை அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றுகிறது. அந்த நச்சு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போக, அங்கிருக்கும் இரண்டாவது நொதி அதை அசிட்டேட்டாக மாற்றிச் சாதுவாக்குகிறது. இது வெறும் பாடப்புத்தகச் செய்தி அல்ல, மனிதரிடமே அளந்து பார்த்தது. கோபன்ஹேகனில் ஃபிராங்க் லுண்ட்குவிஸ்ட், நீல்ஸ் டுக்ஸ்ட்ரப் ஆகியோரின் குழு, ஆட்களின் கல்லீரல் சிரைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, உள்ளே போகும் இரத்தத்தையும் வெளியே வரும் இரத்தத்தையும் ஒப்பிட்டது. கல்லீரல் தான் எடுத்துக்கொண்ட சாராயத்தின் பெரும்பகுதியை அசிட்டேட்டாக்கி உடம்பின் மற்ற பாகங்களுக்கு அனுப்பிவிடுகிறது என்று 1962இல் அவர்கள் காட்டினார்கள். சராசரி ஆளுக்கு இந்த வேலை மணிக்கு 7 கிராம் வேகத்தில் நடக்கிறது. ஒரு குவார்ட்டரை முடிக்க எட்டு, ஒன்பது மணி நேரம். இரவு பத்து மணிக்குக் குடித்தவரின் கல்லீரல் காலை ஆறு மணிக்கு அவர் பல் தேய்க்கும்போதும் வேலை செய்துகொண்டிருக்கும். தினமும் குடிப்பவருக்கு அந்த வேலை அநேகமாக நிற்பதே இல்லை.

இந்த மாற்றத்தின் ஒவ்வொரு படியிலும் ஹைட்ரஜன் பிடுங்கப்பட்டு மைட்டோகாண்ட்ரியாவின் தலையில் கட்டப்படுகிறது. அந்தச் சுமையில், கொழுப்பை எரிக்கும் வழக்கமான வேலை பின்தங்கிவிடுகிறது. எரியாத கொழுப்பு செல்லுக்குள்ளேயே துளித்துளியாகத் தேங்குகிறது. ஸ்கேன் அறிக்கையில் 'ஃபேட்டி லிவர்' என்று வருவதன் ஆரம்பம் இது.

இன்று சாதாரணமாகச் சொல்லப்படும் இந்த விஷயத்தை ஒரு காலத்தில் பெரிய தலைகளே ஒப்புக்கொள்ளவில்லை. குடிகாரர்களின் ஈரல் கெடுவது சாராயத்தால் அல்ல, சரியாகச் சாப்பிடாததால் என்பதுதான் அப்போதைய நம்பிக்கை. இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான சார்லஸ் பெஸ்ட், 1949இல் எலிகளை வைத்துச் செய்த ஆய்வின் முடிவாக, ஈரலுக்குச் சாராயம் சர்க்கரையைவிடக் கூடுதல் நஞ்சு என்பதற்கு ஆதாரமில்லை என்றே எழுதினார். எலிகளுக்குச் சாராயம் பிடிக்காது. தண்ணீரில் கலந்து வைத்தால் கொஞ்சமாகத்தான் குடிக்கும். அதனால் பாதிப்பும் கொஞ்சமாகத்தான் தெரிந்தது.

பெல்ஜியத்தில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய சார்லஸ் லீபர், எலிகளுக்குச் சாராயத்தைத் தவிர வேறு வழி இல்லாமல் செய்தார். சத்துகள் எல்லாம் நிறைந்த திரவ உணவு. அதன் கலோரியில் 36 சதவீதம் சாராயம். பசித்தால் அதைத்தான் குடிக்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்டும் எலிகளின் ஈரலில் கொழுப்பு ஏறியது. 1968இல் லீபரும் இமானுவேல் ரூபினும் மனிதத் தன்னார்வலர்களுக்கே சத்தான சாப்பாட்டோடு சாராயம் கொடுத்து, ஈரலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இதற்கு எளிதில் அனுமதி தராது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தவை வீங்கிப்போன, உள்மடிப்புகள் குலைந்த மைட்டோகாண்ட்ரியாக்கள். பிரியாணி தின்றுகொண்டே குடித்தால் ஈரலுக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை நம்மூரில் இன்னும் இருக்கிறது. அதற்கு மறுப்பு வந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது.

லீபர், ரூபினின் அந்தச் சோதனைக்கு நான்கு ஆண்டுகள் முன்பே ஸ்வீடனில் கீஸ்லிங் என்பவரின் குழு, நீண்ட நாள் சாராயம் குடித்த எலிகளின் மைட்டோகாண்ட்ரியாக்கள் உருக்குலைவதைப் பதிவு செய்திருந்தது. மனிதரின் ஈரல் துணுக்குகளில், சாதாரண நுண்ணோக்கியிலேயே கண்ணில் படும் அளவுக்கு ஊதிப்போன பூத மைட்டோகாண்ட்ரியாக்களும் தென்பட்டன. 1977இல் பார்சிலோனா மருத்துவர்கள், இவற்றைக் கண்டால் குடியைச் சந்தேகிக்கலாம் என்று எழுதினார்கள். நோயாளி "எப்போவாவது ஒரு பெக்" என்பார். ஈரல் வேறு சாட்சி சொல்லும்.

வடிவம் மாறியது சரி, சவ்வில் என்ன மாறியது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் ரூபின். அவருக்கு முன்பே, 1977இல், ஸ்டான்ஃபோர்டில் ஜேன் சின், டோரா கோல்ட்ஸ்டைன் இருவரும் ஒரு விசித்திரத்தைக் கண்டிருந்தார்கள். சாதாரண எலியின் செல் சவ்வில் சாராயத்தை விட்டால் சவ்வின் ஒழுங்கு குலைந்து இளகுகிறது. நாள்கணக்கில் குடித்துப் பழகிய எலியின் சவ்வு அந்த அளவுக்கு இளகவில்லை. அவர்கள் பார்த்தவை மூளையின் சவ்வும் இரத்தச் சிவப்பணுவின் சவ்வும். ஃபிலடெல்ஃபியாவில் ரூபின், ஆலன் வேரிங், ஹாகாய் ரோட்டன்பெர்க் ஆகியோர் 1981இல் கல்லீரல் மைட்டோகாண்ட்ரியாவிலும் அதே கதை என்று காட்டினார்கள். அதைவிட முக்கியம், சவ்விலிருந்து புரதத்தையெல்லாம் நீக்கிவிட்டு, கொழுப்பை மட்டும் பிரித்துச் செயற்கைக் குமிழ்களாகச் செய்து பார்த்தபோதும் அந்தக் குமிழ்கள் சாராயத்துக்கு மசியவில்லை. அப்படியானால் மாற்றம் கொழுப்பிலேயே இருக்கிறது.

எந்தக் கொழுப்பில்? அதைத் தேட மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின. கார்டியோலிபின் என்று ஒரு கொழுப்பு உண்டு. மேரி பாங்போர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1940களின் தொடக்கத்தில் மாட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுத்தது, பெயரும் அதனால் வந்ததுதான். மேகநோய்க்கு எடுக்கும் வி.டி.ஆர்.எல். இரத்தப் பரிசோதனையில் இன்றும் பயன்படுவது இதுவே. மற்றக் கொழுப்புகளுக்கு இரண்டு வால், கார்டியோலிபினுக்கு நான்கு. விலங்குகளின் உடம்பில் அது இருக்கும் இடம் அநேகமாக ஒன்றே ஒன்று: மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வு. புரத இயந்திரங்களைச் சேர்த்துப் பிடித்துவைப்பது அதன் வேலை. சைட்டோகுரோம் சி என்ற சிறு புரதத்தைச் சவ்வோடு ஒட்டிவைப்பதும் அதுதான்.

ரூபினின் குழு, குடிக்காத எலிகளின் ஈரலிலிருந்து எடுத்த கொழுப்பில் கார்டியோலிபினை மட்டும் மாற்றியது. அதற்குப் பதிலாகக் குடித்துப் பழகிய எலியின் கார்டியோலிபினை வைத்தது. அவ்வளவுதான், மொத்தச் சவ்வும் சாராயத்துக்கு ஸ்டெடியாகிவிட்டது. 1988இல் வெளியான இந்த முடிவு அழகானது என்றுதான் சொல்ல வேண்டும். சவ்வில் சிறுபான்மையாக இருக்கும் ஒரு கொழுப்பு முழுச் சவ்வின் குணத்தையும் மாற்றுகிறது.

எல்லோரும் இதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. சோதனைக் குழாயில் விட்ட சாராயத்தின் செறிவு உயிருள்ள ஆளின் இரத்தத்தில் இருப்பதைவிட அதிகம் என்ற விமர்சனம் எழுந்தது. போதைக்குக் காரணம் சவ்வின் கொழுப்பைவிட நரம்புச் செல்களின் புரதங்களே என்ற கருத்தும் பின்னாளில் வலுப்பெற்றது. ஒருவர் தள்ளாடாமல் நடப்பதற்கு மூளையின் பழக்கம்தான் முதற்காரணம். ஈரலில் சாராயத்தை எரிக்கும் இன்னொரு நொதி பெருகிவிடுவதும் அதற்கு உதவும். ஆனாலும் குடியால் மைட்டோகாண்ட்ரியச் சவ்வின் கொழுப்பு மாறுகிறது என்பதில் சண்டை இல்லை.

மாறினால் என்ன, தாங்கத்தானே மாறியிருக்கிறது என்று கேட்கலாம். தாங்குவதற்காக வந்த மாற்றம் வேறு கதவுகளை அடைத்துவிடுகிறது. இதைத் தெளிவாகக் காட்டியவர் ஃபெர்னாண்டஸ்-செக்கா. முதலில் லாஸ் ஏஞ்சலஸில் நீல் கப்லோவிட்ஸோடும், பிறகு பார்சிலோனாவிலும் இருந்து அவர் ஆராய்ந்தது குளூட்டாதியோனை. செல்லுக்குள் கிளம்பும் ஆக்ஸிஜன் நச்சுகளை அணைக்கும் மூலக்கூறு அது. மைட்டோகாண்ட்ரியாவுக்கு அதைத் தானே செய்துகொள்ளத் தெரியாது. வெளியில் செய்ததைச் சவ்வு வழியாக இழுத்துக்கொள்ள வேண்டும். நீண்ட நாள் குடியில் உள்சவ்வில் கொலஸ்ட்ரால் சேர்கிறது, சவ்வு இறுகுகிறது, இழுத்துக்கொள்ளும் வழி மந்தமாகிறது. செல்லின் மற்றப் பகுதியில் குளூட்டாதியோன் ஓரளவு இருந்தாலும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் மட்டும் பஞ்சம்.

தினமும் குடிப்பவர் மறுநாள் தலைவலிக்குப் பாராசிட்டமால் மாத்திரைகளை அள்ளிப் போடுவது ஏன் ஆபத்து என்பதும் இதோடு சேர்ந்தது. முன்னே சொன்ன அந்தப் பெருகிய நொதி பாராசிட்டமாலை நச்சாக மாற்றும். நச்சை அணைக்க வேண்டிய குளூட்டாதியோனோ கையிருப்பில் இல்லை.

இன்னொரு அடி உள்ளே விழுகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக ஒரு சிறிய டி.என்.ஏ. உண்டு. அது 13 புரதங்களுக்கான குறிப்பை வைத்திருக்கிறது. பதின்மூன்றும் உள்சவ்வின் இயந்திரங்களில் பொருந்துபவை. குடிப்பழக்கம் உள்ள எலிகளில் இந்தப் புரதங்களைத் தயாரிக்கும் திறன் குறைவதை அமெரிக்காவின் வட கரோலைனாவில் கரோல் கன்னிங்ஹாமின் ஆய்வகம் விரிவாக ஆராய்ந்தது. உள்சவ்வில் ஐந்து பெரிய புரதக் கூட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டாவது கூட்டத்துக்கு மட்டும் மைட்டோகாண்ட்ரியாவின் சொந்தப் புரதம் எதுவும் வேண்டாம். குடியால் தளர்வது மற்ற நான்கு கூட்டங்கள். இரண்டாவது பெரும்பாலும் தப்பிக்கிறது. குற்றவாளி எந்த வழியாக வந்தான் என்பதை இந்த விதிவிலக்கே காட்டிக்கொடுத்துவிட்டது. பாரிஸில் ஃப்ரோமான்ட்டி, மன்சூரி, பெசேர் ஆகியோர் 1990களில் குடிநோயாளிகளின் ஈரலைச் சோதித்து, அந்த டி.என்.ஏ.விலேயே துண்டு துண்டாக இழப்புகள் இருப்பதைக் கண்டார்கள். சாதாரணமாக மிக வயதானவர்களிடம் காணப்படும் வகை இழப்பு அது.

இப்படிப் பலவீனமான சவ்வில் கார்டியோலிபின் ஆக்ஸிஜன் நச்சால் தாக்கப்பட்டால் சைட்டோகுரோம் சி பிடி தளர்ந்து வெளியே கசியும். அது வெளியே வந்தால் செல்லுக்கு அது தற்கொலை உத்தரவு. செல்கள் சாக, அந்த இடத்தில் தழும்பு விழ, தழும்புகள் சேர்ந்து ஈரல் இறுகிச் சுருங்குவதைத்தான் சிரோசிஸ் என்கிறோம்.

இதன் ஒரு தடயம் ஆய்வுக்கூட அறிக்கையிலேயே வருகிறது, பலர் கவனிப்பதில்லை. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று இரண்டு எண்கள் இருக்கும். வைரஸ் மஞ்சள்காமாலையிலும் சாதாரணக் கொழுப்பு ஈரலிலும் பெரும்பாலும் இரண்டாவது எண்தான் கூடுதலாக இருக்கும். குடியால் கெட்ட ஈரலில் தலைகீழ்: எஸ்.ஜி.ஓ.டி. மற்றதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டும். எஸ்.ஜி.ஓ.டி.யின் கணிசமான பங்கு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருப்பதும், குடிப்பவர்களுக்கு பி6 வைட்டமின் குறைந்து எஸ்.ஜி.பி.டி. தாழ்ந்துவிடுவதும் அதற்குக் காரணங்கள். இரண்டும் சில நூறுகளைத் தாண்டாமலேயே நோய் முற்றியிருக்கலாம். "எண் கொஞ்சம்தான் கூட இருக்கிறது" என்று ஆறுதல் அடைவதைவிட, எது எதைவிடக் கூட என்று பார்ப்பது நல்லது.

பூத மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒரு திருப்பமும் உண்டு. சாராயத்தால் ஈரல் கடுமையாக அழற்சி கண்ட நோயாளிகளின் துணுக்குகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், அந்தப் பூதங்கள் தென்பட்டவர்கள் தென்படாதவர்களைவிட அதிகம் பிழைத்தார்கள். ஊதிப்போனது அழிவின் அடையாளம் என்பதைவிட, செல் இன்னும் சமாளிக்க முயல்கிறது என்பதன் அடையாளமாக இருக்கலாம். சமாளிக்கும் சக்தி எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. கோபன்ஹேகனில் டார்க்கில்ட் சோரன்சனின் குழு கடுமையாகக் குடித்த 258 ஆண்களைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து 1984இல் வெளியிட்ட கணக்குப்படி, ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் பேர் சிரோசிஸுக்குப் போனார்கள். ஒரே மாதிரி குடித்த இரண்டு அண்ணன் தம்பிகளில் ஒருவர் எண்பது வயது வரை இருந்ததைச் சொல்லி வாதாடுவோர் இந்தக் கணக்கைத்தான் தெரியாமல் சொல்கிறார்கள். யார் எந்த 2 சதவீதத்தில் விழுவார் என்று முன்கூட்டிச் சொல்ல அந்த அண்ணனால் முடியாது.

டென்மார்க் இந்த விஷயத்தில் உலகுக்குக் கொடுத்த பெரிய கொடை, மக்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து எண்ணிய பொறுமை. ஒவ்வொருவருக்கும் அடையாள எண் உண்டு. மருத்துவமனைப் பதிவும் இறப்புப் பதிவும் அதோடு இணைந்தவை. கோபன்ஹேகனில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்த உல்ரிக் பெக்கரின் ஆய்வு 1996இல் வந்தது. ஈரல் நோயின் ஆபத்து ஆண்களுக்கு வாரம் 14 முதல் 27 அளவுகள் குடிக்கும் நிலையிலும், பெண்களுக்கு அதில் பாதியிலேயும் ஏறத் தொடங்கியது. 1990களில் கோபன்ஹேகனிலும், ரண்டர்ஸிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் ஆர்ஹுஸிலும் 50 வயதைத் தாண்டிய 55 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துத் தொடங்கிய இன்னொரு ஆய்விலிருந்து 2015இல் ஒரு முடிவு வந்தது. தினமும் குடித்த ஆண்களுக்குச் சிரோசிஸ் ஆபத்து, வாரத்தில் 2 முதல் 4 நாள் மட்டும் குடித்தவர்களைப் போல மூன்று மடங்குக்கும் மேல். மைட்டோகாண்ட்ரியாவின் பக்கமிருந்து பார்த்தால் இது வியப்பில்லை: குடியில்லாத நாளில்தான் சவ்வைச் செப்பனிடச் செல்லுக்கு நேரம் கிடைக்கும்.

கொள்கை வகுப்போருக்கு டென்மார்க் இன்னொரு பாடத்தையும் நடத்திக் காட்டியிருக்கிறது. முதல் உலகப் போரில் தானியம் தட்டுப்பட்டதால் 1917இல் அரசு சாராய வகைகள் மீது கடும் வரி போட்டது. உள்ளூர்ச் சாராயமான ஆக்வாவிட்டின் விலை ஒரு பாட்டில் ஒரு குரோனருக்குக் கீழிருந்து 11 குரோனருக்குத் தாவியது. இரண்டே ஆண்டில் நாட்டின் மொத்தக் குடி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. குடிவெறிக் காய்ச்சல் என்று சொல்லப்படும் டெலிரியம் பாதிப்பு பதிமூன்றில் ஒரு பங்கானது. பீருக்கு அவ்வளவு வரி இல்லை; டேனியர்கள் பீர் குடிக்கும் மக்களாக மாறியது அப்போதுதான். தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை முழுவதும் 2003 முதல் அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது சட்டமன்றம் வரை அதிர்ந்தது. மெத்தனால் வேறு நஞ்சு, ஒரே இரவில் கொல்வது. அரசு முத்திரையோடு விற்கும் பாட்டில் பதினைந்து ஆண்டுகளில் செய்வதற்கு அந்த அதிர்வு கிடைப்பதில்லை.

குடிக்கு எதிரான உலகின் முதல் அங்கீகரிக்கப்பட்ட மருந்து வந்ததும் டென்மார்க்கிலிருந்துதான், அது வேலை செய்யும் இடமும் மைட்டோகாண்ட்ரியாதான். 1945இல் கோபன்ஹேகனின் மெடிசினால்கோ நிறுவனத்தில் யென்ஸ் ஹால்டும் எரிக் யாக்கோப்சனும் டிஸல்ஃபிராம் என்ற பொருளைக் குடற்புழு மருந்தாக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி தாங்களே மாத்திரையை விழுங்கினார்கள். மதியச் சாப்பாட்டோடு பீர் குடித்தால் முகம் சிவந்து, இதயம் படபடத்து, குமட்டியது. இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தபோது காரணம் புரிந்தது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அசிட்டால்டிஹைடை அடக்கும் அந்த இரண்டாவது நொதியை டிஸல்ஃபிராம் முடக்கிவிடுகிறது. நச்சு இரத்தத்தில் ஏறுகிறது. அமெரிக்காவில் ரப்பர் ரசாயன ஆலையின் மருத்துவர் வில்லியம்ஸ், அங்குள்ள தொழிலாளிகளால் பீர் குடிக்க முடியாமல் போவதை 1937லேயே எழுதியிருந்தார். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டேனிய மனநல மருத்துவர் மார்டென்சன்-லார்சன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த விவரம் 1948இல் லான்செட்டில் வந்தது. ஆன்டாப்யூஸ் என்ற பெயரில் அது உலகெங்கும் போயிற்று. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற குடிநோய் மையங்கள் வழியே தமிழ்க் குடும்பங்களுக்கும் அது பழக்கமானது.

குடியை நிறுத்தினால் இந்தச் சவ்வுகள் என்ன ஆகும்? எலிகளில் சாராயத்தை நிறுத்திய சில நாள்களிலேயே ஈரல் செல்களின் சவ்வு, சாராயத்துக்கு மசியாத குணத்தை இழந்து பழைய நிலைக்குத் திரும்பியதை ரூபினின் குழுவே காட்டியது. மனிதரின் கொழுப்பு ஈரல் சில வாரங்களில் பெரிதும் வடிந்துவிடும். தழும்பு கரைய ஆண்டுகள் ஆகும், முற்றிய சிரோசிஸ் முழுதாகக் கரையாது. அந்த நிலையிலும் நிறுத்தியவர்கள் நிறுத்தாதவர்களைவிட அதிக நாள் வாழ்கிறார்கள்.

நிறுத்துவதிலும் முறை உண்டு. பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் கோயிலில் சத்தியம் செய்துவிட்டு ஒரே நாளில் வீட்டில் படுத்துக்கொண்டால், இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, மனப்பிரமை வரலாம். சிலருக்கு உயிர் போகும். முதல் வாரம் மருத்துவர் பார்வையில் இருக்க வேண்டும், தயமின் என்ற பி1 வைட்டமினும் தர வேண்டியிருக்கும்.

நம்மூரில் இதைவிட மோசமான ஒன்று நடக்கிறது. குடிக்கிறவருக்குத் தெரியாமல் குழம்பிலோ காப்பியிலோ டிஸல்ஃபிராமைத் தூளாக்கிக் கலந்துவிடுகிறார்கள். அவர் வழக்கம்போல ஒரு குவார்ட்டரை அடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து, இதய நோய் உள்ளவராக இருந்தால் அங்கேயே முடிந்துவிடலாம். அரிதாக அந்த மருந்தே ஈரலைக் கடுமையாகத் தாக்குவதும் உண்டு. ஏற்கெனவே சிரோசிஸ் முற்றியவருக்கு அதைத் தவிர்த்து, பாக்ளோஃபென் போன்ற வேறு மருந்தை மருத்துவர்கள் நாடுவது அதனால்தான். டிஸல்ஃபிராம் தொடங்கும் முன் ஈ.சி.ஜி.யும் ஈரல் பரிசோதனையும் எடுத்து, குடிப்பவரின் சம்மதத்தை வாங்க வேண்டும். மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை சாராயத்தைத் தொடக் கூடாது, சாராயம் கலந்த இருமல் மருந்தும் அதில் சேர்த்தி என்று அவருக்கும் வீட்டாருக்கும் சொல்லி அனுப்ப வேண்டும்.